பட்டியலா, வேர்ச்சொல்லா, தலையங்கமா, நாவலா? உயர்நிலை ஆங்கிலச் சொல்வளத்துக்கு எந்த வழி யாருக்கு

பிளஸ் டூ வரை தமிழ்வழி, கல்லூரியில் ஆங்கிலவழி. ஆங்கில நாளிதழ் ஓரளவு புரிகிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் ‘குட்’, ‘பேட்’, ‘வெரி இம்பார்ட்டன்ட்’ தாண்டி ஒரு சொல்லும் வரமாட்டேன் என்கிறது. இப்படிச் சொல்கிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்கு யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. ஒருவர் மூவாயிரம் சொல் கொண்ட பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். இன்னொருவர் லத்தீன், கிரேக்க வேர்களைப் படிக்கச் சொல்லியிருப்பார். ஆசிரியர் தினமும் தலையங்கம் படிக்கச் சொல்லியிருப்பார். அண்ணன் ஒருவர், “நாவல் படிடா, தானா வரும்” என்றிருப்பார்.

நாலுமே வேலை செய்கிற வழிகள்தான். எல்லாருக்கும் எல்லா நேரத்திலும் செய்யாது, அவ்வளவுதான். நான் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவன். நாலையும் வெவ்வேறு காலத்தில் மாதக்கணக்கில் செய்து பார்த்திருக்கிறேன். எது எவ்வளவு நேரம் கேட்கிறது, பதிலுக்கு என்ன தருகிறது என்பதை இங்கே வைக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி: படிக்கும்போது புரிந்தால் போதுமா, எழுதும்போதும் பேசும்போதும் சொல் கைக்கு வர வேண்டுமா? இரண்டுக்கும் உழைப்பு வேறு.

‘தணி’ என்ற நம் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். தாகத்தைத் தணிக்கிறோம், வலியைத் தணிக்கிறோம், அச்சத்தை, கோபத்தை, வெள்ளத்தின் பாதிப்பைத் தணிக்கிறோம். ஆங்கிலத்தில் இந்த ஒரு வினை ஐந்தாகப் பிரிந்துவிடும். தாகம் என்றால் ‘க்வென்ச்’. வலி, வறுமை என்றால் ‘அலீவியேட்’. அச்சம், சந்தேகம் என்றால் ‘அலே’. ஆபத்து, பாதிப்பு என்றால் ‘மிட்டிகேட்’. கோபம் என்றால் ‘பிளக்கேட்’. அதுவும் கோபத்தை இல்லை, கோபப்பட்ட ஆளை. படித்துப் புரிந்துகொள்ள ஐந்துக்கும் ‘தணி’ என்ற ஒரே அர்த்தம் போதும். எழுதும்போது அது போதாது. தாகத்தை மிட்டிகேட் செய்வதாக எழுதினால் இலக்கணம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் படிக்கிறவருக்கு அந்த இடத்தில் இடறும்.

இதே அறிவு நம் மொழியில் நமக்கு அத்துப்படி. கீரையை ஆய்கிறோம், தேங்காயைத் துருவுகிறோம், பருப்பைக் கடைகிறோம், மாவைப் பிசைகிறோம். யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை. அடுக்களையில் ஆயிரம் தடவை காதில் விழுந்து வந்தது. ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதைச் சொற்சேர்க்கை என்கிறார்கள். உயர்நிலைச் சொல்வளம் என்று நாம் ஆசைப்படுவதில் பெரும்பங்கு இதுதான் என்பது என் எண்ணம். அதனால் எந்த வழியானாலும், அது சேர்க்கையைச் சொல்லித்தருகிறதா என்று முதலில் பார்ப்பேன்.

இரண்டாவது, நீங்கள் இப்போது எங்கே நிற்கிறீர்கள். இதற்கு ஐந்து நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. நீங்கள் படிக்க விரும்பும் ஆங்கிலப் புத்தகத்தில் நடுவிலிருந்து ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொற்களின் கீழ் பென்சிலால் கோடு போடுங்கள். 250 சொல் உள்ள பக்கத்தில் ஐந்துக்குள் இருந்தால், 98 சதவீதம் தெரிகிறது என்று அர்த்தம். துணையில்லாமல் படித்து, தெரியாததை ஊகிக்கலாம். பன்னிரண்டு, பதிமூன்று வந்தால் 95 சதவீதம். திக்கித் திணறிப் போகலாம். அதற்கும் மேலே போனால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006ல் போட்ட கணக்குப்படி, ஆங்கில நாவலையும் நாளிதழையும் அந்த 98 சதவீத அளவில் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை. ‘அனலைஸ்’, ‘அனாலிசிஸ்’, ‘அனலிட்டிகல்’ எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னால் பலருக்குக் கோடு விழுவது அபூர்வச் சொற்களில் இல்லை. ‘ரிலக்டன்ட்’, ‘சஸ்டெய்ன்’, ‘இம்ப்ளை’, ‘ப்ரிசைஸ்’ போன்ற நடுத்தரச் சொற்களில்தான் விழுகிறது. அந்த ஓட்டையை அடைக்காமல் ‘பெர்ஸ்பிகேஷியஸ்’ பக்கம் ஓடுவதில் பயனில்லை.

மூன்றாவது, தேதி. தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறதா, இல்லை வாழ்நாள் இருக்கிறதா? நான்காவது, படித்தது மறக்காமலிருக்க அந்த வழிக்குள்ளேயே ஏற்பாடு இருக்கிறதா, அதையும் நாம்தான் செய்துகொள்ள வேண்டுமா? பணத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. நாலுமே சல்லிசுதான், செலவாவது நேரம்.

| வழி | எங்கே கைகொடுக்கும் | சொற்சேர்க்கை வருமா | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|
| சொற்பட்டியல் | தேதி குறித்த தேர்வு | வராது | தினசரி மறுபார்வை, தவறான உச்சரிப்பு |
| வேர்ச்சொல் | மருத்துவம், அறிவியல் பாடம் | வராது | ஏமாற்றும் சொற்கள் |
| தலையங்கம் | கட்டுரை, நேர்காணல், போட்டித் தேர்வு | வரும், குறுகிய வட்டத்தில் | எழுதிவைத்துத் திறக்காத நோட்டு |
| நாவல், நீள வாசிப்பு | எழுத்து, பேச்சு, எல்லாமும் | நன்றாக வரும் | மாதக்கணக்கில் பலன் தெரியாது |

## சொற்பட்டியல்

வேகத்தில் இதை மிஞ்ச ஆள் இல்லை. ஒழுங்காக உட்கார்ந்தால் மூன்று மாதத்தில் எண்ணூறு, ஆயிரம் சொற்களின் அர்த்தம் தலைக்குள் ஏறிவிடும். ஜிஆர்இ (வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்கு எழுதும் நுழைவுத் தேர்வு) மாதிரி தேதி குறித்த தேர்வுக்கு இது தேவைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜிஆர்இயில் தனிச்சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்கும் கேள்விகளையும் ஒப்புமைக் கேள்விகளையும் 2011லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது வருவது வாக்கியத்தில் கோடிட்ட இடம். அதில் ஒரு வகைக்கு, ஒரே அர்த்தம் தரும்படி பொருந்தும் இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதாவது தேர்வே சொல்லை வாக்கியத்துக்குள் வைத்துத்தான் கேட்கிறது. நம் ஊரில் இன்னும் சுற்றிவரும் பழைய பட்டியல்களோ சொல், எதிரே ஒற்றை அர்த்தம் என்ற வடிவத்திலேயே இருக்கின்றன.

வெளியே தெரியாத செலவு இரண்டு. ஒன்று மறுபார்வை. தினம் இருபது புதுச்சொல் என்று ஆரம்பித்தபோது, ஒரு மாதத்தில் பழைய சொற்கள் மட்டும் தினமும் நூற்றைம்பதுக்கு மேல் என்னிடம் வந்து நின்றன. அதற்கே அரை மணி நேரம் போயிற்று. இரண்டு நாள் விட்டால் மலைபோல் குவியும், அப்புறம் கைவிடத்தான் தோன்றும். மற்றது உச்சரிப்பு. கண்ணால் மட்டும் கற்ற சொல்லை நாம் எழுத்துக்கூட்டியே சொல்கிறோம். ‘எபிடமி’ என்பதை ‘எபிடோம்’ என்றும், ‘ஹைப்பர்பலி’ என்பதை ‘ஹைப்பர்போல்’ என்றும், ‘சட்டில்’ என்பதில் ஊமையான பி எழுத்தையும் சேர்த்து ‘சப்டில்’ என்றும் நேர்காணலில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்லத் தெரியாத சொல்லை ஒருவர் பேச்சில் எடுக்கவே மாட்டார். தயங்கித் தயங்கி அது மறந்தும் போகும். பட்டியல்தான் உங்கள் வழி என்றால், ஒவ்வொரு சொல்லையும் இணைய அகராதியில் ஒரு தடவையாவது ஒலிக்கவிட்டுக் கேளுங்கள்.

எல்லாப் பட்டியலும் ஒரே மாதிரி இல்லை. ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் நியூசிலாந்தின் வெலிங்டனில் இருந்து 2000ல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள்தான் இருக்கின்றன. கலை, வணிகம், சட்டம், அறிவியல் என்று நாலு துறை நூல்களையும் கட்டுரைகளையும் அலசி, எல்லாவற்றிலும் பொதுவாக வருகிறவற்றை எடுத்திருக்கிறார். பல்கலைக்கழக நூலின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ பத்துச் சொல்லுக்கு ஒன்று இந்தக் குடும்பங்களைச் சேர்ந்தது. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழிக் கல்லூரிக்குள் நுழைகிற பிள்ளைகளுக்கு நான் தயங்காமல் சொல்லும் ஒரே பட்டியல் இது. பாடப்புத்தகத்தில் தினமும் எதிரே வருவதால் மறுபார்வையும் தானாக நடக்கிறது.

## வேர்ச்சொல்

‘ஸ்பெக்’ என்றால் பார்த்தல் என்று தெரிந்துவிட்டால் ‘ஸ்பெக்டேட்டர்’, ‘இன்ஸ்பெக்ட்’, ‘இன்ட்ரோஸ்பெக்‌ஷன்’, ‘சர்கம்ஸ்பெக்ட்’ எல்லாம் ஒரே கொடியில் காய்த்ததாகத் தெரியும். சுற்றிலும் பார்த்து நடப்பவர் சர்கம்ஸ்பெக்ட். நாம் முன்னெச்சரிக்கையானவர் என்போம். காக்ஸ்ஹெட் பட்டியலிலேயே எண்பது சதவீதத்துக்கு மேல் லத்தீன், கிரேக்க வேர் கொண்டவை.

தமிழ் தெரிந்தவருக்கு இங்கே ஒரு சாதகமும் உண்டு. நாம் புழங்கும் வடசொற்கள் பலவும் கிரேக்கச் சொற்களுக்கு உறவுமுறை. பெயரில்லாத கடிதத்தை அநாமதேயக் கடிதம் என்கிறோம், ஆங்கிலத்தில் ‘அனானிமஸ்’. இரண்டிலும் முன்னால் நிற்பது இன்மையைச் சொல்லும் அ, பின்னால் நிற்பது பெயர்: அங்கே ‘ஓனோமா’, இங்கே ‘நாமம்’. நீதிக்கு முன் அ வந்தால் அநீதி ஆவது போலத்தான் ‘அமாரல்’, ‘ஏதிஸ்ட்’, ‘அனார்க்கி’. நம் தசமமும் அவர்களுடைய ‘டெசிமல்’லும்கூட ஒரே பத்தில் பிறந்தவை. இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கிற நாளில் கிடைக்கும் சந்தோஷத்துக்காகவே வேர்ச்சொல் படிக்கலாம் என்பேன்.

ஆனால் வேரை நம்பி எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். ‘எனர்வேட்’ என்ற சொல் எனர்ஜி கொடுப்பது போல ஒலிக்கிறது. அதன் அர்த்தம் சோர்வடையச் செய்வது. ‘நாய்சம்’ சத்தம் போடுவதைச் சொல்லவில்லை, குடலைப் புரட்டும் நாற்றம் மாதிரியானதைச் சொல்கிறது. ‘ரெஸ்டிவ்’ என்றால் ஓய்வாக இல்லை, இருப்புக்கொள்ளாமல். ‘டிசின்டரஸ்டட்’ என்றால் நடுநிலையானவர். ஆர்வமில்லாதவர் என்று நினைத்து எழுதுகிறவர்கள் ஏராளம். ‘பெடஸ்ட்ரியன்’ என்பதில் இருப்பது லத்தீனில் கால், ‘பீடியாட்ரிஷன்’ என்பதில் இருப்பது கிரேக்கத்தில் குழந்தை. எழுத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

நர்சிங், பார்மசி, உயிரியல் படிக்கிறவர்களுக்கு மட்டும் நான் வேறு யோசனை சொல்லமாட்டேன், வேர்ச்சொல்தான். ‘ஹெப்பட்’ கல்லீரல், ‘ஐட்டிஸ்’ அழற்சி, ‘எக்டமி’ வெட்டி எடுத்தல் என்று நாற்பது, ஐம்பது துண்டுகளைக் கற்றுக்கொண்டால் நூற்றுக்கணக்கான சொற்களைப் பார்த்த உடனே பிரித்துவிடலாம். அந்தத் துறையில் சொற்கள் பெரும்பாலும் வேர் சொல்கிறபடியே நடந்துகொள்கின்றன. மற்றவர்கள் இதை ஏற்கனவே தெரிந்த சொற்களை நினைவில் கட்டிவைக்கும் கயிறாக வைத்துக்கொள்ளலாம்.

## தலையங்கம்

தினமும் ஐந்நூறு சொல்லுக்குள் ஒரு கட்டுரை, ஒரே பொருளில், ஒழுங்கான வாதத்தோடு. இதைவிட வசதியான அளவு கிடைக்காது. ஒரே பிரச்சினை வாரக்கணக்கில் ஓடுவதால் சொற்களும் திரும்பத் திரும்ப வரும். ‘எக்சாசர்பேட்’ (இன்னும் மோசமாக்குவது) என்பது நெருக்கடி, பதற்றம், பற்றாக்குறை மாதிரிக் கெட்ட விஷயங்களோடு மட்டுமே சேர்ந்து நடக்கிறது என்று நான் கற்றது இப்படித்தான். காவிரிச் சிக்கல் சூடாக இருந்த ஒரு மாதத்தில் அந்தச் சொல் அத்தனை தடவை கண்ணில் பட்டது.

வட்டம் குறுகியது என்பதுதான் குறை. அரசியல், நீதிமன்றம், பொருளாதாரம் தாண்டி அது போவதில்லை. ‘ஆர்டினன்ஸ்’, ‘இம்பாஸ்’, ‘மாண்டேட்’ எல்லாம் வரும். ஒருவர் தயங்கி நிற்பதையோ, சமையலறை மணத்தையோ, மழைக்கு முன் வரும் புழுக்கத்தையோ சொல்லும் சொல் வராது. நடையும் தொற்றிக்கொள்ளும். சக ஊழியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுத வேண்டிய இடத்தில் தலையங்க நடை வந்து உட்கார்ந்தால், படிக்கிறவருக்கு நாம் கோபமாக இருப்பதாகத் தோன்றும்.

நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலையங்கம் படிக்கிறவர்கள் எல்லாரிடமும் நீள நோட்டு ஒன்று இருக்கும்: இடது பக்கம் சொல், வலது பக்கம் அர்த்தம், மேலே தேதி. என்னிடம் மூன்று இருந்தன. எழுதி முடித்த பக்கத்துக்கு நான் ஒருநாளும் திரும்பிப் போகவில்லை. கைவலிக்க எழுதியதால் படித்த மாதிரி ஒரு நிறைவு மட்டும் கிடைத்தது. சொல்லை வாக்கியத்தோடு எழுதாவிட்டால், மறுபடி பார்க்க நாள் குறிக்காவிட்டால், அந்த நேரத்துக்கு இன்னொரு கட்டுரை படித்திருக்கலாம்.

போட்டித் தேர்வு, குடிமைப்பணி, இதழியல், சட்டம் என்று போகிறவர்களுக்கு இதுதான் முதல் வழி. பொது அறிவும் கூடவே வருகிறது.

## நாவலும் நீள வாசிப்பும்

நான் கடைசியாக வந்து சேர்ந்த இடம் இது. முதலில் இங்கே வந்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

எண்பதாயிரம் சொல் கொண்ட நாவலை நிமிடத்துக்கு 150 சொல் வேகத்தில் படித்தால் சுமார் ஒன்பது மணி நேரம். தினம் அரை மணி ஒதுக்கினால் பதினெட்டு நாள். இரண்டு சதவீதச் சொற்கள் தெரியாதவை என்றால்கூட 1,600 தடவை தெரியாத சொல்லைச் சந்திக்கிறீர்கள். அதில் பல சொற்கள் பலமுறை வரும். ஒவ்வொரு எழுத்தாளருக்கும் செல்லச் சொற்கள் இருக்கும். ஒரே ஆசிரியரின் இரண்டு மூன்று புத்தகங்களைத் தொடர்ந்து படித்தால் அந்தச் சொற்கள் வெவ்வேறு கோலத்தில் வந்து பழகிவிடும். அடுக்களையில் ‘ஆய்’, ‘துருவு’, ‘கடை’ வந்தது இதே மாதிரிதானே?

விலையும் உண்டு. முதல் நாற்பது, ஐம்பது பக்கம் கடினம். ஆசிரியரின் நடைக்கு நாம் பழகும் காலம் அது. பலர் அங்கேயே மூடிவைக்கிறார்கள். பலன் கண்ணுக்குத் தெரிவதில்லை; நான்கு மாதம் கழித்து மின்னஞ்சல் எழுதும்போது ஒரு சொல் தானாக வந்து நிற்கும், எங்கே கற்றோம் என்றே நினைவிருக்காது. மூன்று மாதத்தில் தேர்வு உள்ளவர் இதை நம்பி இருக்க முடியாது.

இலவசம் என்று இணையத்தில் இறக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1971ல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தில் பல்லாயிரம் புத்தகங்கள் இருக்கின்றன, ஆனால் காப்புரிமை தீர்ந்தவை என்பதால் பெரும்பாலும் நூறாண்டுக்கு முந்தையவை. அந்த ஆங்கிலம் இன்றைய அலுவலகத்துக்கு ஒத்துவராது. சமகாலப் புத்தகத்துக்குப் பக்கத்து நூலகம் நல்லது. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. மாவட்ட மைய நூலகங்களிலும் ஆங்கில அடுக்கு உண்டு. பென்சில் சோதனையை அங்கேயே நின்று செய்து பார்த்து (கோடு போடாமல், விரல் விட்டு எண்ணி) எடுத்துவரலாம். நாவல் பிடிக்காதவர்கள் கிரிக்கெட், விவசாயம், வரலாறு என்று தனக்குப் பிடித்ததை எடுக்கட்டும். பிடித்த விஷயமாக இருந்தால்தான் நூறாவது பக்கம் வரை கை போகும்.

‘தினம் ஒரு சொல்’ காணொளிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு நாள் விடாமல் பார்த்தாலும் வருடத்துக்கு 365 சொல், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல். பிடித்தால் பாருங்கள், திட்டமாக வைக்காதீர்கள்.

## எதை எடுத்தாலும் கூட வேண்டியவை

ஒன்று, கற்போருக்கான ஆங்கில–ஆங்கில அகராதி. லாங்மன் அகராதி சுமார் இரண்டாயிரம் எளிய சொற்களை மட்டும் வைத்தே எல்லா விளக்கமும் எழுதுகிறது. உச்சரிப்பும் உதாரண வாக்கியமும் சேர்த்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அர்த்தத்தைப் பார்த்த கையோடு மூடாமல் உதாரண வாக்கியத்தைப் படிப்பதில்தான் லாபம்.

மற்றது, அட்டை: முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை எழுதி, மறக்காமலிருக்க அவ்வப்போது புரட்டிப் பார்ப்பது. ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே தன்னைத்தானே சோதித்து, படித்தது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக மறக்கிறது, இடைவெளி விட்டுப் பார்த்தால் நிற்கிறது என்று எழுதினார். 1970களில் செபாஸ்டியன் லைட்னர் அதைப் பெட்டி முறையாக ஆக்கினார்: நினைவிருந்த அட்டை அடுத்த அறைக்குப் போகும், மறந்தது முதல் அறைக்குத் திரும்பும். ஆன்கி என்ற இலவசச் செயலி ஆண்ட்ராய்டில் இதையே செய்கிறது; ஐபோனில் மட்டும் காசு. நான் பழைய கல்யாணப் பத்திரிகைகளை நாலாக வெட்டி வைத்திருக்கிறேன். கெட்டி அட்டை, பின்பக்கம் வெள்ளை, மை ஊறாது.

அட்டையில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முன்பக்கம் சொல்லை எழுதாதீர்கள். அதைப் பார்த்த வாக்கியத்தை எழுதி, சொல் இருந்த இடத்தில் கோடு போடுங்கள். விலை ஏறுமோ என்ற மக்களின் அச்சத்தை அமைச்சர் _____ முயன்றார் என்று ஆங்கிலத்தில் இருக்கும். பின்பக்கம் ‘அலே’. இப்படிப் படித்தால் சொல்லோடு அதன் துணையும் சேர்ந்தே உள்ளே போகிறது. அடுத்தவர் செய்த அட்டைக்கட்டை இறக்கிப் படிப்பதைவிட நீங்கள் படித்த பக்கத்திலிருந்து நீங்களே எடுத்த ஐந்து வாக்கியம் மேல். அந்தப் பக்கமும் கதையும் சேர்ந்து நினைவுக்கு வரும்.

தேர்வு எதுவும் தலைக்கு மேல் இல்லாமல், தினம் முக்கால் மணி நேரம் ஒதுக்க முடிகிறவருக்கு நான் சொல்வது: முப்பது நிமிடம் புத்தகம், பத்து நிமிடம் அட்டை. மீதி ஐந்து நிமிடத்தில், போன வாரம் கற்ற ஒரு சொல்லை எடுத்து, அதோடு சேரும் மூன்று சொற்களை அகராதி பார்க்காமல் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிய பிறகு அகராதியில் சரிபாருங்கள். மூன்றும் சரியென்றால் அந்த அட்டையைக் கட்டிலிருந்து எடுத்துவிடலாம்.